சிலந்தியின் இரையும் உழவரின் கணக்கும்

தருமபுரி மாவட்டத்து உழவர் ஒருவரிடம் ஒரு பருவத்தின் சாகுபடிச் செலவைக் கேட்டால், உழவுக் கூலி, விதை, உரம், களையெடுப்பு, பூச்சிமருந்து, அறுவடை, சந்தைக்கு வண்டி வாடகை என்று வரிசையாகச் சொல்வார். பொருளியல் படித்தவர்களும் அதே பட்டியலைத்தான் சற்று வேறு சொற்களில் எழுதுகிறார்கள். இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறாத ஓர் உழைப்பாளி அதே வயலில் இருக்கிறது. அது கூலி கேட்பதில்லை. தனக்கு வேண்டிய கருவியைத் தன் உடலிலிருந்தே நூற்றுக்கொள்கிறது. எட்டுக்கால் பூச்சி என்று நாம் அழைத்து, ஒட்டடையோடு சேர்த்துத் துடைப்பத்தால் தட்டிவிடும் சிலந்திதான் அது.

அதன் உழைப்பு கணக்கில் வராததற்கு முதன்மையான காரணம், அது நம் கண்ணில் படுவதில்லை என்பதே. வயலில் வேலை செய்யும் சிலந்திகளில் பல, ஓர் உளுந்து மணியைவிடப் பெரியவை அல்ல. அவை பயிரின் அடித்தூரிலும், இலையின் கீழ்ப்புறத்திலும், பூவின் மடிப்பிலும் இருக்கின்றன. வேட்டை நடப்பதோ ஒரு நொடியில். இந்தத் தடையை இன்று ஓர் எளிய கருவி நீக்கியிருக்கிறது. கைப்பேசியின் கேமராமீது பொருத்தும் சிறிய உருப்பெருக்கி வில்லை ஒன்று இருந்தால், சிலந்தியின் எட்டுக் கண்களையும் அதன் வாயிலுள்ள இரையையும் படம் பிடித்துவிட முடிகிறது.

இயற்கையான சூழலில் சிலந்தியை அதன் இரையோடு மிக அருகிலிருந்து படமெடுப்பது பலருக்கு ஓய்வுநேர விருப்பம். அழகிய படம் என்ற அளவிலேயே அது பாராட்டப்படுகிறது, பகிரப்படுகிறது, மறக்கப்படுகிறது. ஆனால், முறையாக எடுக்கப்பட்ட அத்தகைய படம் ஓர் ஆவணம். எந்தப் பயிரில், எந்த நாளில், எந்தச் சிலந்தி எதைத் தின்றது என்பதற்கான சாட்சி. வேளாண்மையின் செலவையே மாற்றக்கூடிய சாட்சி என்பதால், அதைப் பற்றிப் பொருளியல் நோக்கிலும் பேச வேண்டியிருக்கிறது.

இந்தச் சாட்சிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சிலந்தி உண்ணும் முறையில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு தவளையோ பறவையோ என்ன தின்றது என்பதை அதன் இரைப்பையை ஆராய்ந்து, சிறகுத் துண்டு, கால் துண்டு ஆகியவற்றைக் கொண்டு அறியலாம். சிலந்தியிடம் அது இயலாது. அது இரையின்மீது செரிமான நீரைச் செலுத்தி, உடலுக்கு வெளியிலேயே அதைக் கரைத்து, நீர்மமாக உறிஞ்சுகிறது. எஞ்சுவது சக்கை மட்டுமே. பல நேரங்களில் அது என்ன பூச்சி என்றுகூடச் சொல்ல முடியாது. மரபணு ஆய்வு வசதிகள் வருவதற்கு முன்பு, சிலந்தியின் உணவை அறிய நேரில் காண்பதே பெரிதும் வழியாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கும் நமக்கு இன்றும் அதுவே வழி. இரை அடையாளம் தெரியும் நிலையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடுக்கப்படும் படம், பின்னர் எவராலும் மீட்க முடியாத செய்தியைக் காப்பாற்றி வைக்கிறது.

சிலந்தி, பூச்சி இனத்தைச் சேர்ந்தது அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள், உடல் மூன்று பகுதி, உணர்கொம்பு உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் சிறகும் உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால்கள்; உடல் இரண்டு பகுதி; உணர்கொம்பும் சிறகும் இல்லை. உலகில் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தொட்டது. இந்தியாவில் மட்டும் 1,900-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. எல்லாச் சிலந்திகளும் வலை பின்னுவதில்லை. அவற்றில் பாதிக்கு வலையே தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு, ஓடியும் தாவியும் பதுங்கியும் வேட்டையாடுபவை ஏராளம்.

அண்மைப் படங்களைப் பார்க்கும்போது, இந்த வேட்டை முறைகளின் வேறுபாடு நன்கு விளங்கும். நண்டுச் சிலந்தி வலை பின்னாது. பூவிதழின் நிறத்தோடு நிறமாக அமர்ந்து, தேன் குடிக்க வரும் பூச்சியின் கழுத்துப் பகுதியைக் கவ்வும். தாவும் சிலந்தியின் முன்புறத்து இரு பெரிய கண்கள் தொலைவைத் துல்லியமாக அளக்கும். தாவுவதற்கு முன் ஒரு பாதுகாப்பு நூலை அது கிளையில் ஒட்டிவிடும். மா, புளி, வேம்பு போன்ற மரங்களின் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடக்கும் இருவால் சிலந்தி, இரையைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் கட்டிப்போடும். வேலியோரங்களில் வலையின் நடுவே வெள்ளை நிறத்தில் பெருக்கல் குறி போன்ற பின்னல் போட்டு, தலைகீழாக அமர்ந்திருப்பது கையொப்பச் சிலந்தி. வெட்டுக்கிளி போன்ற இரை சிக்கினால் இது முதலில் நூலால் சுற்றிவிட்டுப் பிறகு கடிக்கும். அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியோ சிக்கினால் முதலில் கடிக்கும். அவற்றின் சிறகுச் செதில்கள் உதிர்ந்து, வலையில் ஒட்டாமல் அவை தப்பிவிடும் என்பதே காரணம். ஒரே சிலந்தி, இரைக்கு ஏற்பத் தன் வேலை வரிசையை மாற்றிக்கொள்வதை நான்கு தொடர் படங்கள் காட்டிவிடும்.

தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்க் காடுகளில் கூட்டமாக வாழும் சிலந்தி ஒன்றும் உண்டு. காய்ந்த இலைகளை நூலால் பிணைத்துக் கூடமைத்து, பல பத்துகளிலிருந்து பல நூறு வரை ஒன்றாக வாழும். வலையில் பெரிய வண்டு விழுந்தால் பல சிலந்திகள் சேர்ந்து இழுத்து, சேர்ந்து உண்ணும். குஞ்சுகள் வளர்ந்ததும் தாய்ச் சிலந்தி தன் உடலையே அவற்றுக்கு உணவாக்கிவிடும். 'தரிசு' என்று வருவாய்த் துறை ஆவணத்தில் ஒற்றைச் சொல்லில் எழுதப்படும் நிலத்தில் நடக்கும் வாழ்க்கை இது.

இனி வயலுக்கு வருவோம். நெற்பயிரை எரித்ததுபோல் காயவைக்கும் புகையானை அறியாத உழவர் இல்லை. தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சியின் முதன்மையான எதிரிகளுள் ஒன்று ஓநாய்ச் சிலந்தி. அது வலை பின்னுவதில்லை. நீர்ப்பரப்பின் மீதும் தூர்களுக்கு இடையிலும் ஓடிப் பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரை இச்சிலந்தியின் பணியை எண்ணாகவே எழுதியிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில், தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் இருந்தால் அது பொருளாதாரச் சேத நிலை. மருந்தடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில், அந்த வரம்பு தூருக்கு இரண்டு புகையான். அதாவது, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், இரு மடங்கு பூச்சி இருந்தாலும் பொறுத்திருக்கலாம்.

பொருளியல் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தருவது கடினம். சிலந்தியின் இருப்பு, உழவரின் செலவு முடிவை நேரடியாக மாற்றுகிறது. ஆனால், அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வயலில் புகையானை மட்டும் பார்த்து, சிலந்தியைப் பார்க்கத் தெரியாதவராக இருந்தால், பரிந்துரையின் இரண்டாம் பகுதி அச்சடித்த தாளிலேயே நின்றுவிடும். சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. காவல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தத் தகவல் குறைபாட்டுக்கு உழவர் கொடுக்கும் விலைதான், தேவையில்லாத ஒரு முறை மருந்தடிப்பு.

மருந்தடித்தால் செலவோடு போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் இடுகிறது. மேலே படும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. தூரிடையே ஓடித் திரியும் சிலந்தியோ மருந்தில் நனைந்து மடிகிறது. சில நாள்களில் முட்டைகள் பொரிக்கும்போது, அவற்றைத் தின்ன வயலில் எவரும் இல்லை. முன்னிலும் பெருங்கூட்டமாகப் புகையான் திரும்புகிறது. உழவர் மீண்டும் மருந்துக் கடைக்குப் போகிறார். பிலிப்பின்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் கென்மோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மருந்தடித்த வயல்களில் புகையான் பெருகியதைப் பதிவு செய்து இந்தச் சுழற்சியை விளக்கினர். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது என்று நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அறிவுறுத்துவது இதனால்தான்.

இந்த அறிவை ஒரு நாடே கொள்கையாக மாற்றிய வரலாறு உண்டு. இந்தோனேசிய அரசு, பூச்சிக்கொல்லிகளுக்குப் பெரும் மானியம் அளித்து வந்தது. மருந்து மலிந்தது, பயன்பாடு பெருகியது, புகையானும் பெருகியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. அரசுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் மிச்சமாயிற்று. நெல் விளைச்சல் சரியவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் முதல் பாடம் என்ன தெரியுமா? உழவர்கள் வயலில் இறங்கி, தூரை விலக்கி, தீமை செய்யும் பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் சிலந்திகளையும் தங்கள் கண்ணாலேயே கண்டு, எண்ணி, தாளில் வரைந்து பேசியதுதான். அன்று அவர்கள் பென்சிலால் வரைந்ததை இன்று நாம் கைப்பேசியில் படமாக எடுக்க முடியும்.

தருமபுரிக்கு இது மிகவும் பொருந்தும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பகுதிகளின் தக்காளி, மலையடிவாரங்களின் மாந்தோப்பு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளின் நெல்லும் மஞ்சளும் மரவள்ளியும் என்று, பூச்சியின் அச்சத்தோடு சாகுபடி செய்யப்படும் பயிர்கள் இங்கே பல. தக்காளியின் விலை எப்படி ஆடும் என்பதை இம்மாவட்டத்தார்க்குச் சொல்லத் தேவையில்லை. விற்கும் விலை உழவரின் கையில் இல்லை. செலவில் ஒரு பகுதியாவது அவர் கையில் இருக்கிறது. ஒரு முறை மருந்தடிப்பைத் தவிர்த்தால் மிஞ்சுவது மருந்தின் விலை மட்டும் அன்று; தெளிப்பவரின் கூலியும், தெளிப்பவரின் உடல்நலமும், கிணற்று நீரின் தூய்மையும் மிஞ்சுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலந்தி இருந்தால் மருந்தே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. சிலந்தி எதையும் தின்னும் பொதுவேட்டையாடி. பூச்சி திடீரென்று வெள்ளமாகப் பெருகும்போது, சிலந்தியால் மட்டும் அதை அடக்கிவிட முடியாது. தேனீ, பூச்சிகளைத் தின்னும் பிற நற்பூச்சிகள் ஆகியவற்றையும் அது பிடிக்கும். நெல்லுக்குச் சொன்ன எண்ணைத் தக்காளிக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. கேட்பது இவ்வளவுதான்: மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன் வயலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க அண்மைப் படத்தைவிட எளிய ஆசிரியர் இல்லை.

படமெடுக்கும் முறை பற்றிச் சில சொற்கள். அதிகாலையே ஏற்ற நேரம். குளிர்ச்சியில் சிலந்தி விரைந்து ஓடாது, காற்றும் அடங்கியிருக்கும், வெயில் கடுமையாக இராது. பொருளை அதன் உண்மையான அளவிலேயே பதிவு செய்யும் நெருக்கத்தில், படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். எனவே, சிலந்தியும் இரையும் வில்லைக்கு இணையாக ஒரே தளத்தில் வருமாறு பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் படம் உயிர்பெறும். ஒளி போதாவிடில் மின்னொளியை நேரடியாகப் பாய்ச்சாமல், மெல்லிய வெள்ளைத் தாளால் மறைத்துப் பரவவிட வேண்டும். நம் நிழல் சிலந்தியின்மீது விழக்கூடாது. இரையை நோக்கிக் குனியும் ஆர்வத்தில் நம் காலடியை மறந்துவிடக் கூடாது; வரப்பிலும் புதரிலும் பாம்பு இருக்கும்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் மூன்று படங்கள் எடுப்பது நல்லது. முதலாவது, சிலந்தியும் இரையும் மட்டும் தெரியும் அண்மைப் படம். இரண்டாவது, சிலந்தியின் முதுகுப்புறம் முழுதும் தெரியும் படம். இனத்தை அடையாளம் காண அது உதவும். மூன்றாவது, அவை இருந்த செடியும் வயலும் தெரியும் படம். இவற்றோடு நாள், நேரம், ஊர், பயிர், பயிரின் வயது ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன்: அந்த வயலில் கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று? இந்த ஒரு வரி இருந்தால், அழகிய படம் ஆய்வுக்குரிய தரவாகிவிடும்.

படத்தில் பொய் இருக்கக் கூடாது. பூச்சியைப் பிடித்து வலையில் எறிந்துவிட்டு வேட்டைக் காட்சி என்று சொல்வதும், அசையாமல் இருப்பதற்காகச் சிலந்தியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதும், வேறோர் இடத்தில் பிடித்து வந்து பூவின்மீது அமர்த்துவதும் இத்துறையில் நடக்கக்கூடியவையே. உயிரைத் துன்புறுத்துவது ஒருபுறமிருக்க, நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் கள்ளக் கணக்கு அது. வலையைச் சிதைப்பதும், முட்டைப்பையைச் சுமந்து நிற்கும் தாயைக் கிளறி ஓடவிடுவதும் தவிர்க்க வேண்டியவை. நல்ல படம் கிடைக்காமல் திரும்புவது நட்டமில்லை.

உண்மையான படங்கள்கூட முழு உண்மையைச் சொல்லிவிடா. படமெடுப்பவர் பூக்களை நாடிச் செல்கிறார். எனவே, தேனீயைப் பிடித்த நண்டுச் சிலந்தியின் படங்கள் குவிகின்றன. நெல்லின் அடித்தூரில், சேற்றுக்கு அருகில் புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியைப் படமெடுக்க யாரும் குனிவதில்லை. படங்களை மட்டும் எண்ணினால், சிலந்தி தேனீக்களுக்குப் பகை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். சிலந்திகள் பாம்புகளைப் பிடித்துத் தின்றது பற்றிய 319 நிகழ்வுகளைத் தொகுத்து 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பொதுமக்கள் இணையத்தில் வெளியிட்ட படங்களும் அதற்குப் பயன்பட்டன. அந்நிகழ்வுகளில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவானவை. பாம்பைப் பிடிக்கும் வகைச் சிலந்திகள் அங்கே இருப்பதோடு, படமெடுத்துப் பதிவு செய்வோர் அங்கே மிகுதி என்பதையும் கருத வேண்டும். கேமரா செல்லாத இடத்தின் செய்தி கணக்கில் வருவதில்லை. ஆகவே, பூவை மட்டும் தேடாமல், ஒரே வரப்பில் வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் நடந்து, கண்டதையெல்லாம் பதிவு செய்வதே பயன்தரும் முறை.

சிலந்தியே இரையாகும் காட்சியையும் விட்டுவிடக் கூடாது. நம் வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டும் குளவி, சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு கூட்டுக்குள் அடைத்து, தன் புழுவுக்கு உணவாக வைக்கிறது. பல்லி, ஓணான், சிறு பறவைகள் எனச் சிலந்தியை நம்பி வாழும் உயிர்கள் பல. வயலில் சிலந்தி குறைந்தால் அந்தச் சங்கிலியின் இரு முனைகளும் தளரும்.

இந்தச் சங்கிலியின் அளவைப் பற்றி 2017-இல் மார்ட்டின் நைஃபெலர், கிளாஸ் பிர்க்கோஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். உலகிலுள்ள சிலந்திகள் ஆண்டுதோறும் 40 கோடி முதல் 80 கோடி டன் வரையிலான இரையைக் கொல்கின்றன என்பது அது. மனிதகுலம் முழுவதும் ஓராண்டில் உண்ணும் இறைச்சியும் மீனும் சேர்ந்து ஏறத்தாழ 40 கோடி டன் என்றும் அவர்கள் ஒப்பிட்டிருந்தனர். அதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அந்த இரையில் 95 விழுக்காட்டுக்கு மேல் காடுகளிலும் புல்வெளிகளிலும் கொல்லப்படுவது. உழுதும் அறுத்தும் மருந்தடித்தும் ஓயாமல் கலைக்கப்படும் விளைநிலத்தில் சிலந்தி நிலைகொள்ள முடிவதில்லை. அறுவடை முடிந்ததும் அது ஒதுங்கவும், அடுத்த பயிருக்குத் திரும்பவும் அருகில் ஓர் இடம் வேண்டும். புல் மூடிய வரப்பு, உயிர்வேலி, ஓடைக்கரைப் புதர், ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம் ஆகியவையே அந்த இடங்கள். வரப்பைச் செதுக்கி வெறுமையாக்குவதையும், களைக்கொல்லி தெளித்து வேலியைக் கருக்குவதையும் 'சுத்தம்' என்று கருதும் நம் எண்ணம் மாற வேண்டும்.

காட்டுப் பகுதியில் எடுக்கும் படங்களுக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. ஆந்திரத்தில் கூட்டி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த நீலநிற மரப்பொந்துச் சிலந்தியை 1899-இல் ரெஜினால்ட் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்தார். அதன் பின்னர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது அறிவியலாளர் கண்ணில் படவில்லை. 2001-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டின் ஒரு சிறு பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. மிக அருகிய இனம் என்று 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டது. அதற்குள்ளாகவே அது, வெளிநாடுகளில் வளர்ப்புப் பிராணியாக விற்கப்படும் சரக்காகியிருந்தது. அழகுதான் அதற்குப் பகையாயிற்று.

அதே 1899-இல் அதே போகாக் விவரித்த இன்னொரு மரப்பொந்துச் சிலந்தி நம் பகுதியைச் சேர்ந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் கிடைத்ததால், ஆங்கிலத்தில் அதன் பெயரோடு சேலம் என்ற ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றைய தருமபுரி, 1965 அக்டோபர் 2 வரை அந்தச் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இதுவும் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. இச்சிலந்திகளின் பேரினம் முழுவதும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்கென வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தனி அட்டவணையைக் கொண்டுவந்தது. சட்டம் இருந்தாலும், மரத்தின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டும் ஒரு படம், பிடித்து விற்பவருக்கு வரைபடமாகிவிடும். கைப்பேசி தானாகவே படத்துக்குள் இடக்குறிப்பைப் பதிந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே, வயலில் எடுத்த படத்துக்கு இடம் அவசியம். அரிய காட்டுச் சிலந்தியின் படத்தில் இடத்தை மறைப்பது அவசியம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் உள்ளிட்ட வனப்பகுதிகளில், வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

எளிய மக்களின் கவனிப்பு அறிவியலுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஈழத்தின் வடபகுதியே சான்று. 2009-இல் மாங்குளத்தில் ஊர்மக்கள் கொண்டுவந்து கொடுத்த, இறந்துபோன ஓர் ஆண் சிலந்திதான், அதுவரை அறியப்படாத ஒரு மரப்பொந்துச் சிலந்தி இனத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டியது. தேடலில் உதவிய மைக்கேல் ராஜகுமார் பூராஜா என்ற காவல் அதிகாரியின் பெயரையே அந்த இனத்துக்குச் சூட்டினர். அடித்துக் கொன்றபின் கொண்டுவந்து காட்டும் நிலை இனித் தேவையில்லை. கொல்லாமலே காட்ட இப்போது படம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். மரம், மீன், கால்நடை என்று நீளும் அந்தப் பதிவேட்டில் வயல் சிலந்திகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, படத்தோடு பதிவு செய்யலாம். அரசுப் பள்ளிகளின் பசுமைப் படை மாணவர்களுக்கு இது ஏற்ற களப்பணி. ஒரு பருவத்தில் ஒரு வயலை வாரந்தோறும் பார்த்தாலே போதும். பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் வேளாண்மைத் துறை அலுவலர்களும், உழவர்களுக்கான பயிற்சியில் தீமை செய்யும் பூச்சிகளின் படங்களுக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்து வயல்களிலேயே எடுத்த சிலந்திப் படங்களையும் வைக்கலாம். எங்கோ வெளிநாட்டில் எடுத்த படத்தைவிட, பக்கத்து ஊர் வயலின் படத்தை உழவர் நம்புவார். உழவன் செயலியில் நன்மை செய்யும் உயிரினங்களின் படங்களை உழவர்களே பதிவேற்றும் பகுதி ஒன்றை அரசு சேர்க்கலாம்.

திருவானைக்காவில் இறைவன்மீது சருகு விழாமல் வலை பின்னிக் காத்த சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று போற்றிய மரபு நம்முடையது. அதே நாம், சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்று அஞ்சிக் கண்டவுடன் நசுக்குகிறோம். பெரும்பாலான சிலந்திகளின் நஞ்சு, சிறு பூச்சிகளுக்கு உரியது. மனிதருக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

அடுத்த முறை மருந்து தெளிக்கும் முன், உழவர்கள் தங்கள் வயலின் பத்து இடங்களில் தூரை விலக்கிப் பார்க்கட்டும். வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் கைப்பேசியோடு உடன் செல்லட்டும். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி, இரையோடு இருப்பதைப் படமெடுத்து, நாளைக் குறித்து வைக்கட்டும். மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கு விடையை அதன் பிறகு தீர்மானிக்கலாம். செலவுப் பட்டியலில் ஒரு வரியைக் குறைக்கும் வாய்ப்பு அந்தச் சிறு ஆய்வில் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), தருமபுரி.